சிகாகோ – மில்வாக்கி நார்த் ஷோர் மின்ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் சிகாகோ நகரையும் அதற்கு வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மில்வாக்கி நகரையும் மிச்சிகன் ஏரிக்கரையோரமாக இணைத்து, 1963 ஜனவரியில் நின்றுபோன ஒரு மின்சார ரயில்வேயைப் பற்றியது இந்தப் பக்கம். ‘சிகாகோ நார்த் ஷோர் அண்ட் மில்வாக்கி’ என்பது அதன் முழுப்பெயர். பயணிகள் அதை நார்த் ஷோர் என்றே அழைத்தார்கள்.

‘இன்டர்அர்பன்’ என்றால் என்ன? டிராம் வண்டியா, ரயிலா?

இரண்டுக்கும் நடுவே பிறந்தது. நகரத் தெருக்களில் டிராமைப் போலத் தெரு நடுவிலேயே ஓடி, ஊரைத் தாண்டியதும் தனக்கென்று உள்ள தடத்தில் முழு ரயிலைப் போல வேகமெடுத்து, அடுத்த ஊரின் கடைத்தெருவில் மீண்டும் டிராமாக மாறும் மின்வண்டிச் சேவைக்கு அமெரிக்காவில் இட்ட பெயர் அது. 1890களில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குள் ஒஹாயோ, இந்தியானா போன்ற மாநிலங்களில் சிறு நகரங்களையெல்லாம் வலைபோலப் பின்னியது. 1910களின் நடுவில், உச்சத்தில் இருந்தபோது, இதன் மொத்த நீளம் ஏறத்தாழ 25,000 கிலோமீட்டர். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் அதில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. விவசாயியும் சந்தைக்குப் போகிறவரும் கார் வாங்கியதும் மண் சாலைகள் தார்ச் சாலைகளானதும் அதற்குப் போதுமான காரணங்கள். நார்த் ஷோர் அந்த அலையில் அடித்துச் செல்லப்படாமல் 1963 வரை தாக்குப்பிடித்தது. ஆகவே அதன் முடிவுக்கு ‘கார் வந்தது, ரயில் போனது’ என்ற ஒற்றை வரி போதாது.

இது எங்கே, எப்படித் தொடங்கியது?

மிகச் சிறிதாகத்தான். இல்லினாய்ஸ் மாநிலத்தின் வாகீகன் நகரில் 1890களில் ஓடத் தொடங்கிய உள்ளூர் டிராம் பாதைதான் இதன் வேர். அது ஏரிக்கரை ஊர்களின் வழியே தெற்கு நோக்கி நீண்டு 1899இல் சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனைத் தொட்டது. பின்னர் வடக்கே திரும்பி, விஸ்கான்சின் மாநிலத்துக்குள் நுழைந்து, கெனோஷா, ரசீன் ஆகிய தொழில் நகரங்களைக் கடந்து 1908இல் மில்வாக்கியை அடைந்தது. அப்போது அதன் பெயர் ‘சிகாகோ அண்ட் மில்வாக்கி எலெக்ட்ரிக்’.

மில்வாக்கியை அடைந்த அதே ஆண்டில் நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல், நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. வடக்கு நீட்டிப்புக்காக வாங்கிய கடனின் வட்டி, அந்த நீட்டிப்பு தந்த வருமானத்தை முந்திவிட்டது. இன்டர்அர்பன் நிறுவனங்களில் பலவற்றின் ஆயுள்கதையும் இதே வரிசையில்தான் நடந்தது.

ராவினியா இசைவிழாவுக்கும் இந்த ரயிலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வேலை நாட்களில் நிறையும் பெட்டிகள் மாலையிலும் ஞாயிறன்றும் காலியாக ஓடக்கூடாது என்பதற்காக, இன்டர்அர்பன் நிறுவனங்கள் தங்கள் பாதையோரத்தில் கேளிக்கைப் பூங்காக்களை அமைப்பது அன்றைய வழக்கம். அப்படி 1904இல் ஹைலண்ட் பார்க் ஊரில் இந்த நிறுவனத்தார் திறந்ததே ராவினியா பூங்கா. நிறுவனம் நொடித்த பிறகு உள்ளூர்ச் செல்வந்தர்கள் சேர்ந்து அதை வாங்கிக் காப்பாற்றினார்கள். 1936 முதல் அங்கே சிகாகோ சிம்ஃபனி இசைக்குழு கோடைதோறும் வாசித்துவருகிறது. டிக்கெட் விற்பதற்காகப் போட்ட பூங்கா, டிக்கெட் விற்ற ரயிலைவிட அதிக காலம் வாழ்கிறது.

சாமுவேல் இன்சல் யார்? அவர் பெயர் ஏன் எல்லா இடத்திலும் வருகிறது?

1859இல் லண்டனில் பிறந்து, இளைஞராக அமெரிக்கா சென்று, தாமஸ் எடிசனின் செயலாளராக வேலை பார்த்து, பிறகு சிகாகோவின் மின்விநியோகம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தவர் இன்சல். 1916இல் நார்த் ஷோரை வாங்கியதும் அவரே. இன்றும் நிலைத்திருக்கும் பெயரை அது பெற்றதும் அப்போதுதான். சிகாகோ நகரில் தெருக்களுக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும் உயர்மட்ட ரயில், கிழக்கே இந்தியானாவுக்குச் சென்ற ‘சவுத் ஷோர்’, மேற்கே சென்ற ‘சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின்’ ஆகியவையும் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்தன.

மின்சாரம் விற்பவருக்கு ரயில் எதற்கு என்ற கேள்வி எழலாம். மின்நிலையத்துக்கு முதலீடு அதிகம். ஆகவே அதன் இயந்திரங்கள் எந்த நேரமும் சும்மா நிற்கக்கூடாது. வீடுகள் விளக்கேற்றும் நேரம் ஒன்று, ஆலைகள் ஓடும் நேரம் ஒன்று, ரயில்கள் நெரிசலாக ஓடும் நேரம் வேறொன்று. இவற்றையெல்லாம் ஒரே மின்நிலையத்தில் கோத்துவிட்டால் ஒரு யூனிட்டின் அடக்கவிலை இறங்கும் என்பது இன்சலின் கணக்கு. ரயில்வே அவருக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர். அதே நேரத்தில், மின்கம்பங்களை நட்டுச் செல்லத் தடையற்ற ஒரு நிலத்துண்டு. 1920களில் நார்த் ஷோர் கண்ட புதுப்பெட்டிகள், நிலையக் கட்டடங்கள், ஓவியர்களை வைத்து வரைந்த வண்ண விளம்பரத் தாள்கள் எல்லாம் அவர் காலத்துச் செழிப்பின் அடையாளங்கள்.

பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த அவருடைய நிறுவனங்கள் 1932இல் சரிந்தன. நார்த் ஷோர் மீண்டும் நீதிமன்றப் பொறுப்பாளர்களிடம் போனது. கிரீஸுக்குத் தப்பிச் சென்ற இன்சல் 1934இல் திருப்பி அழைத்துவரப்பட்டு, வழக்குகளில் விடுதலையாகி, 1938இல் பாரிஸ் நகரின் மெட்ரோ நிலையம் ஒன்றில் மாரடைப்பால் இறந்தார். மக்கள் தங்கள் சேமிப்பை இழக்கச்செய்தவர் என்ற கெட்டபெயர் அவருக்கு நியாயமாகவே உண்டு. ஆனாலும் நார்த் ஷோரைப் பொறுத்தவரை, அதில் உண்மையாகப் பணம் போட்ட கடைசி முதலாளி அவரே.

சிகாகோவின் மையப்பகுதிக்குள் இது எப்படி நுழைந்தது?

இன்டர்அர்பன்களின் பெரிய பலவீனம், பெருநகரத்தின் எல்லையிலேயே நின்றுவிடுவது. பயணி அங்கே இறங்கி உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். நார்த் ஷோருக்கு 1919 ஆகஸ்டில் இந்தச் சிக்கல் தீர்ந்தது. இன்சலின் கட்டுப்பாட்டில் இருந்த உயர்மட்ட ரயிலின் தண்டவாளத்திலேயே அதன் வண்டிகள் ஏறி, ‘லூப்’ என்னும் நகர மையத்தைச் சுற்றி வந்தன. ஆடம்ஸ் தெருவும் வபாஷ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், உயர்மட்ட நடைமேடையோடு ஒட்டி நார்த் ஷோருக்கென ஒரு நிலையம் இருந்தது.

இதற்காக ஒவ்வொரு பெட்டியும் இருவகை மின்சாரத் தொடர்போடு கட்டப்பட்டது. உயர்மட்டப் பாதையில் தண்டவாளத்தின் பக்கத்திலுள்ள மூன்றாம் தண்டவாளத்தை உரசி மின்சாரம் எடுக்கும் இரும்புக் கட்டைகள் பெட்டியின் அடியில் இருந்தன. வெளியே வந்ததும் கூரையிலுள்ள நீண்ட கோலை மேல்கம்பியில் பொருத்தி ஓட்டினார்கள். மறுமுனையில், மில்வாக்கியின் ஆறாம் தெருவும் மிச்சிகன் தெருவும் சேரும் இடத்திலிருந்த நிலையத்தை அடைவதற்கு, முழு நீள ரயிலே தெருவில் கார்களுக்கும் விளக்குக்கம்பங்களுக்கும் நடுவே ஊர்ந்து சென்றது.

நகரின் நெஞ்சுக்குள் இறக்கிவிட்டது அதன் பெருமை. ஆனால் நடுவில் உள்ள தனித் தடத்தில் மிச்சப்படுத்திய நிமிடங்களை, இரு முனைகளிலும் பிறருக்குச் சொந்தமான இரும்புப் பாலத்திலும் தெருவிலும் செலவழிக்க வேண்டியிருந்தது. இந்த முரண் கடைசி வரை தீரவில்லை.

‘ஷோர் லைன்’, ‘ஸ்கோகி வேலி’ என்று இரண்டு தடங்கள் ஏன்?

முதல் தடமான ஷோர் லைன் எவன்ஸ்டன், வில்மெட், வின்னெட்கா, லேக் ஃபாரஸ்ட் என ஏரிக்கரையின் வசதியான ஊர்கள் ஒவ்வொன்றையும் தொட்டுச் சென்றது. சில ஊர்களில் தெருவிலேயே ஓடியது. விரைவு வண்டியை அந்த வழியில் வேகமாக ஓட்ட வழியில்லை. ஆகவே இன்சல் காலத்தில் சில கிலோமீட்டர் மேற்கே, அன்று சதுப்பும் வெற்று வயலுமாகக் கிடந்த ஸ்கோகி பள்ளத்தாக்கு வழியே நேர்க்கோடாக ஒரு புதுத்தடம் போடப்பட்டு, 1926 ஜூன் மாதத்தில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே நிலத்தில் உயரழுத்த மின்கோபுரங்களும் நின்றன.

திறந்த சில வாரங்களிலேயே அதற்குப் பரீட்சை வந்தது. உலகக் கத்தோலிக்கர்களின் நற்கருணை மாநாட்டின் நிறைவு நாள் நிகழ்ச்சி 1926 ஜூன் 24 அன்று, நார்த் ஷோரின் கிளைப்பாதை முடியும் மன்டலைனில் நடந்தது. அந்த ஒரே நாளில் அது ஏற்றிச் சென்றவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

உண்மையிலேயே அவ்வளவு வேகமாக ஓடியதா?

ஓடியது. மின்ரயில் தொழில்துறைப் பத்திரிகை ஒன்று, அமெரிக்காவின் மிக வேகமான இன்டர்அர்பனுக்கு ஆண்டுதோறும் கோப்பை வழங்கிவந்தது. தொடர்ந்து வென்றதால் 1933இல் அந்தக் கோப்பை நார்த் ஷோருக்கே நிரந்தரமாகச் சொந்தமானது. ஸ்கோகி வேலித் தடத்தில் மணிக்கு 80 மைல், அதாவது ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகம் அன்றாட வழக்கம். சோதனை ஓட்டங்களில் 100 மைலைத் தாண்டியபோது, லெவல் கிராசிங் கதவுகள் மூடுவதற்குள் வண்டி வந்துவிட்டது என்பது ஆர்வலர்கள் விரும்பிச் சொல்லும் கதை.

ஆனால் போட்டி நிறுவனங்களின் கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1935 முதல் ‘சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன்’, ‘மில்வாக்கி ரோடு’ ஆகிய இரண்டு பெரிய ரயில்வேக்களின் நீராவி விரைவு வண்டிகள் இதே இரு நகரங்களுக்கிடையே 75 நிமிடங்களில் சென்றன. நார்த் ஷோருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. முனைகளில் ஊர்வதன் விலை அது. அடிக்கடி கிடைக்கும் வண்டி, லூப்பின் நடுவிலேயே இறங்கும் வசதி, இடைப்பட்ட ஊர்களுக்கான சேவை ஆகியவற்றை வைத்தே அது பயணிகளைத் தக்கவைத்தது.

எலெக்ட்ரோலைனர் என்பது என்ன?

1941 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய இரண்டு வண்டிகள். செயின்ட் லூயிஸ் கார் நிறுவனம் கட்டியது. பொருளாதார மந்தத்துக்குப் பிறகு நார்த் ஷோர் வாங்கிய புது வண்டிகள் இவை இரண்டு மட்டுமே. ஒவ்வொன்றிலும் நான்கு பெட்டிகள். அடுத்தடுத்த இரு பெட்டிகள் ஒரே சக்கரத்தொகுதியின் மேல் அமரும்படி இணைத்திருந்ததால், நான்கு பெட்டிக்கு ஐந்து சக்கரத்தொகுதிகளே. லூப்பின் கூர்மையான திருப்பங்களில், கட்டடங்களை உரசாமல் வளைய வேண்டும் என்பதே இந்த அமைப்புக்குக் காரணம். மணிக்கு 80 மைலில் பறப்பதற்கும் மாடிவீட்டுச் சன்னலருகே நெளிந்து திரும்புவதற்கும் ஒரே வண்டி பயன்பட வேண்டியிருந்தது. அந்தச் சமரசத்தை இவ்வளவு அழகாகச் செய்த வேறொரு வண்டியைச் சொல்வது கடினம்.

பச்சை கலந்த நீலமும் இளஞ்சிவப்பும் பூசிய வழுவழுப்பான உருவம், குளிர்சாதன வசதி, உள்ளே ஒரு மது அருந்தும் பகுதி. அங்கே விற்ற ‘எலெக்ட்ரோபர்கர்’ என்னும் இறைச்சி ரொட்டிக்குத் தனி ரசிகர் கூட்டம் இருந்தது.

மற்றப் பழைய பெட்டிகளுக்குப் புதுத்தோற்றம் தர நிறுவனத்திடம் பணமில்லை. ஆகவே 1950 வாக்கில் அவற்றில் சிலவற்றுக்குச் சாம்பல் வெள்ளி வண்ணமடித்து, அதன்மேல் நிழல்கோடுகள் வரைந்து, எட்டிநின்று பார்த்தால் நெளிவுடைய துருப்பிடிக்காத எஃகுத் தகடு போலத் தெரியும்படி செய்தார்கள். ‘சில்வர்லைனர்’ என்று பெயரும் வைத்தார்கள். பக்கத்தில் போனால் அது 1920களின் இரும்புப் பெட்டிதான்.

சரக்குப் போக்குவரத்து இருந்ததா?

இருந்தது. லாரியின் பின்பெட்டியை அப்படியே தட்டை வேகனில் ஏற்றி ரயிலில் அனுப்பும் முறையை 1926லேயே நடைமுறைப்படுத்திய முன்னோடிகளில் நார்த் ஷோர் ஒன்று. 1947இல் அது கைவிடப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்க ரயில்வேக்களுக்குப் பெரும் வருமானம் தந்த தொழில் அது. நார்த் ஷோர் முன்கூட்டியே தொடங்கி, முன்கூட்டியே விட்டுவிட்டது.

வின்னெட்காவில் பள்ளம் தோண்டித் தடத்தை இறக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. வின்னெட்காவில் நார்த் ஷோரும் நீராவி ரயில்வேயும் பக்கம்பக்கமாகத் தரைமட்டத்தில் ஓடியதால், கிராசிங்குகளில் உயிர்ப்பலி தொடர்ந்தது. அன்றைய மத்திய உள்துறைச் செயலாளரும் பொதுப்பணி நிதியின் பொறுப்பாளருமான ஹாரல்ட் ஐக்ஸ் அந்த ஊர்க்காரர். 1938இல் தொடங்கி 1943 வரை, மத்திய அரசின் பணமும் சேர்ந்து, இரு ரயில்வேக்களின் தடங்களும் தெருவுக்குக் கீழே பள்ளத்தில் இறக்கப்பட்டன.

பன்னிரண்டே ஆண்டுகளில், 1955 ஜூலையில், ஷோர் லைன் முழுவதும் மூடப்பட்டது. நீராவி ரயில்வேயின் தடத்தில் இன்றும் புறநகர் வண்டிகள் அதே பள்ளத்தில் ஓடுகின்றன. நார்த் ஷோர் ஓடிய பக்கத்தில் மக்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அப்படியானால் ஏன் மூடினார்கள்?

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்தது. பாதையிலேயே கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சித்தளமும் ஷெரிடன் கோட்டையும் இருந்தன. வண்டிகள் வழிந்தன. போர் முடிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. ஆனால் அடி விழுந்தது 1951 டிசம்பரில், ஸ்கோகி வேலித் தடத்துக்கு ஏறத்தாழ இணையாக ஈடன்ஸ் விரைவுச்சாலை திறக்கப்பட்டபோது. 1958இல் வந்த சுங்கச்சாலை அதை விஸ்கான்சின் எல்லை வரை நீட்டியது.

சாலைக்கான நிலத்தையும் பராமரிப்பையும் அரசு ஏற்றது. நார்த் ஷோரோ தன் தண்டவாளம், மின்கம்பி, பாலம், சிக்னல் எல்லாவற்றையும் டிக்கெட் பணத்திலேயே பார்த்து, அவற்றின் மேல் சொத்துவரியும் கட்டியது. எஞ்சிய பயணிகளில் பெரும்பாலோர் காலையிலும் மாலையிலும் மட்டும் வந்தார்கள். அந்த நான்கு மணி நேரத்துக்காக வைத்திருக்க வேண்டிய பெட்டிகளும் ஆட்களும் மீதி நேரம் சும்மா இருக்க வேண்டியிருந்தது. பெட்டிகளில் பெரும்பாலானவை முப்பது, நாற்பது வயதைக் கடந்திருந்தன. புதியவை வாங்கக் கடன் கொடுப்பாரும் இல்லை.

மூன்றாவது காரணம் குறைவாகவே பேசப்படுகிறது. 1950களில் நார்த் ஷோர் ‘சஸ்குவேஹன்னா கார்ப்பரேஷன்’ என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குள் வந்தது. நட்டத்தில் ஓடும் ரயில்வேயை மூடினால் கிடைக்கும் வரித்தள்ளுபடியும், நிலத்தையும் இரும்பையும் விற்றால் வரும் பணமும், அதை ஓட்டுவதைவிட லாபம் தருபவை. மூடும் அனுமதி கோரி 1959இல் விண்ணப்பம் போனது. மூடினால் ஆதாயம் பெறும் ஒருவர் உரிமையாளராக இருக்கும்போது, நட்டத்தைக் குறைக்கும் வழிகளைத் தேடுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பயணிகள் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். பயணிகளின் சங்கம் வழக்காடி மூடுவிழாவைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தது. ரயில்வேயை விலைக்கு வாங்கும் முயற்சியும் நடந்தது. அதற்கான பணம் திரளவில்லை. மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையம் 1962இல் மூடுவதற்கு ஒப்புதல் அளித்தது.

பொதுப்போக்குவரத்துக்கு மத்திய அரசு நிதி தரும் சட்டத்தில் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் கையெழுத்திட்டது 1964 ஜூலையில். நார்த் ஷோர் நின்று பதினெட்டு மாதங்களுக்குள்.

ஜெனரல் மோட்டார்ஸ் சதிசெய்து ஒழித்த ரயில்களில் இதுவும் ஒன்றா?

இல்லை. பல நகரங்களின் டிராம் சேவைகளை வாங்கிப் பேருந்துக்கு மாற்றிய ‘நேஷனல் சிட்டி லைன்ஸ்’ என்ற நிறுவனத்தின் வழியாகப் பேருந்துகளையும் உதிரிகளையும் தாங்களே விற்கும்படி ஏகபோகம் செய்ததாக ஜெனரல் மோட்டார்ஸும் வேறு சில நிறுவனங்களும் 1949இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. நார்த் ஷோர் அந்த நிறுவனத்தின் கையில் ஒருபோதும் இருந்ததில்லை.

அதே இன்சல் குடும்பத்தின் சவுத் ஷோர் மட்டும் எப்படித் தப்பியது?

சவுத் ஷோர் இன்றும் சிகாகோவிலிருந்து சவுத் பெண்ட் வரை ஓடுகிறது. அதன் பாதையில் இந்தியானாவின் எஃகு ஆலைகள் இருந்ததால், பயணிகளால் வந்த நட்டத்தைச் சரக்கு ஈடுகட்டியது. சிகாகோவுக்குள் அது உயர்மட்டப் பாலத்தில் ஏறவில்லை. இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேயின் மின்மயமான முழுநீளத் தடத்தில் சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் உரிமையாளர்களும் பயணிகள் சேவையைக் கைவிட முனைந்தபோது காலம் மாறியிருந்தது. 1977இல் இந்தியானா அதற்கென ஒரு பொது அமைப்பையே உருவாக்கியது. மூன்றாவது உறவினரான அரோரா–எல்ஜின் பாதையின் கதை இன்னும் கொடுமையானது: 1957 ஜூலை 3 அன்று நண்பகலில் சேவை நிறுத்தப்பட்டது. காலையில் அதில் வேலைக்குப் போனவர்கள் மாலையில் வீடு திரும்ப வேறு வழி தேட நேர்ந்தது.

கடைசி ஓட்டம் எப்போது?

1963 ஜனவரி 20 இரவு புறப்பட்ட வண்டிகள், உறைய வைக்கும் குளிரில், 21ஆம் தேதி அதிகாலையில் ஓட்டத்தை முடித்தன.

இன்று எதைப் பார்க்கலாம்?

முதலில் ஓடிக்கொண்டிருக்கும் பகுதி. ஹோவர்ட் நிலையத்திலிருந்து ஸ்கோகியின் டெம்ப்ஸ்டர் வரையிலான ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தடத்தை சிகாகோ போக்குவரத்துக் கழகம் வாங்கி, 1964 ஏப்ரலில் ‘ஸ்கோகி ஸ்விஃப்ட்’ என்ற இடைநில்லா வண்டியை விட்டது. அது ஒரு பரிசோதனையாகவே தொடங்கியது. நாளொன்றுக்கு 1,500 பேர் வந்தால் போதும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் நாளிலேயே ஏறத்தாழ 4,000 பேர் ஏறினார்கள். இன்று அது மஞ்சள் தடம். இதே துண்டில் 1948 வரை ஓடிய உள்ளூர் உயர்மட்டச் சேவை ஆளின்றி நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வயலாக இருந்த இடம் பதினைந்து ஆண்டுகளில் எப்படிப் புறநகரானது என்பது விளங்கும். டெம்ப்ஸ்டரில், 1925இல் ஆர்தர் கெர்பர் வடிவமைத்த பழைய நிலையக் கட்டடமும் சற்றே இடம் மாற்றப்பட்டு நிற்கிறது.

வடக்கே, பழைய தடத்தின் நீண்ட பகுதிகள் நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாறியுள்ளன. கெனோஷாவிலிருந்து தெற்கே இல்லினாய்ஸ் எல்லையைக் கடந்து லேக் கவுண்டி வழியாகச் செல்லும் பாதையில் சைக்கிளில் போனால், ஏற்ற இறக்கமின்றி நூல் பிடித்தாற்போல் செல்லும் தரையிலிருந்தே அது ரயில் போன இடம் என்று தெரிந்துவிடும்.

எலெக்ட்ரோலைனர்கள் இரண்டும் அழியவில்லை. மூடிய ஆண்டிலேயே ஃபிலடெல்ஃபியாவின் ‘ரெட் ஏரோ’ நிறுவனம் அவற்றை வாங்கி, ‘லிபர்ட்டி லைனர்’ என்று பெயர் மாற்றி, 1970கள் வரை ஓட்டியது. இப்போது ஒன்று பென்சில்வேனியாவின் ராக்ஹில் டிராம் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றொன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் யூனியன் ஊரிலுள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில், நார்த் ஷோரின் வேறு பல பெட்டிகளோடு இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் தன் வண்டிகளை ஓட்டிக்காட்டும் பாதையும், 1930இல் மூடப்பட்ட எல்ஜின்–பெல்விடியர் என்ற இன்னொரு இன்டர்அர்பனின் பழைய தடமேட்டில் போட்டதுதான்.